வாசலும் உள்வீடும்: அயற்சொல்லைத் தமிழ் எதிர்கொண்ட முறை



அயலார் ஒரு நாட்டுக்கு வரும்போது தனியே வருவதில்லை. அவர்தம் பொருள்களும் கருத்துகளும் பழக்கங்களும் உடன் வருகின்றன. வந்தவற்றை ஒரு சமுதாயம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் வினாவுக்கு வரலாற்றாசிரியர் போரிலும் வணிகத்திலும் சட்டத்திலும் விடை தேடுவர். மொழியியல் பயின்றவன் மக்களின் பேச்சில் தேடுவான். வேற்றுநாட்டாரை மதிக்கிறோம் என்று மேடையில் சொல்வது எளிது. அவர்களுடைய சொல்லை நாள்தோறும் நம் வாயில் எவ்வாறு வைத்து வழங்குகிறோம் என்பதில்தான் உண்மையான எதிர்வினை பதிவாகிறது.

இந்த வினாவுக்கு இன்று உடனடித் தேவையும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் தமிழில் மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் மிகுதியாகக் கலக்கின்றன என்று ஆசிரியர்கள் கவலையுறுகின்றனர். மொழி அழிந்துவிடுமோ என்னும் அச்சம் அந்தக் கவலைக்குள் இருக்கிறது. அச்சம் நியாயமானதே. ஆனால் அது சரியான இடத்தைப் பார்த்து அஞ்சுகிறதா என்று ஆராய வேண்டும். வாசலில் நிற்கும் விருந்தினரைக் கண்டு அஞ்சிக்கொண்டிருக்கையில் உள்வீட்டின் அறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுவதை நாம் கவனியாமல் விட்டுவிடக் கூடாது. இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

மூன்று ஊர்ப்பெயர்கள்

நாம் கூடியிருக்கும் இவ்விடத்திலிருந்தே தொடங்குவோம். இந்தத் தீவையும் இதன் எதிர்க்கரையையும் குறிக்க நம் முன்னோர் மூன்று பெயர்களை மூன்று முறைகளில் அமைத்துக்கொண்டனர்.

முதலாவது பினாங்கு. பாக்கு என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லை ஒலிவடிவிலேயே ஏற்று, குற்றியலுகரம் சேர்த்துத் தமிழ்ச் சொல்லாக்கினர். இரண்டாவது கடாரம். எதிர்க்கரையில் உள்ள கெடா நாட்டின் பெயர் தமிழ் ஒலிமரபுக்கு இசைய உருமாறிய வடிவம் இது. சோழர் கல்வெட்டுகளில் இப்பெயர் இருக்கிறது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் எழுதினார். மூன்றாவது தண்ணீர்மலை. அருவி விழும் அந்த இடத்தை மலாய் மக்கள் ‘ஆயர் தெர்ஜுன்’ என்றனர். ஆங்கிலேயரும் தம் மொழியில் அருவி என்றே அழைத்தனர். தமிழர் அவ்விரண்டையும் கடன் வாங்கவில்லை, மொழிபெயர்க்கவும் இல்லை. தாம் கண்ட மலைக்குத் தாமே பெயரிட்டனர். அங்கு எழுந்தருளிய முருகன் தண்ணீர்மலையான் ஆனான்.

அந்தப் பெயர் கடல் கடந்து திரும்பியும் சென்றது. செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் ஆண்மக்களுக்குத் தண்ணீர்மலை என்று பெயரிடும் வழக்கம் உண்டு. பிழைக்கச் சென்ற அயல்நாட்டின் ஒரு குன்று, பிறந்த ஊரில் பிள்ளையின் பெயராயிற்று.

ஒலியைத் தமிழாக்கி ஏற்றல், நெடுங்கால வழக்கில் உருமாற்றிக் கொள்ளல், தன் சொல்லால் புதிதாகப் பெயரிடல் என்னும் இம்மூன்றும் ஒரே மக்கள் ஒரே நிலப்பகுதியில் கையாண்ட வழிகள். ஏற்பதா, மறுப்பதா என்று இரண்டே வழிகள் இருப்பதாக நாம் இன்று வாதிடுகிறோம். நம் முன்னோர் அவ்வளவு குறுகிய பாதையில் நடக்கவில்லை.

இலக்கண நூலார் அமைத்த வாசல்

அயற்சொல் பற்றித் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்தது. செய்யுளுக்கு உரிய சொற்களைத் தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறது. இவற்றுள் இரண்டு வெளியிலிருந்து வருபவை. அவற்றை விலக்க வேண்டும் என்று தொல்காப்பியர் கூறவில்லை. நிபந்தனை ஒன்றை விதித்தார். வடமொழிக்கே உரிய எழுத்துகளை நீக்கித் தமிழ் எழுத்துகளோடு பொருந்திய சொல்லே வடசொல் எனப்படும். வருபவர் வரலாம், ஆனால் இவ்வீட்டு நடைமுறையை ஏற்க வேண்டும் என்பது அதன் கருத்து.

திசைச்சொல்லைத் தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களின் சொல்லாகக் கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூலில் அந்த எல்லை விரிகிறது. பன்னிரு நிலங்களோடு, பதினெண் நிலங்களுள் தமிழ் ஒழிந்த பதினேழின் சொற்களும் திசைச்சொல் ஆகின்றன. அந்தப் பதினேழையும் எண்ணிக் கூறும் பழம்பாட்டு ஒன்றை உரை மரபு காட்டுகிறது. அதில் சிங்களம், சோனகம் ஆகியவற்றோடு சீனமும் சாவகமும் கடாரமும் இடம்பெற்றுள்ளன. இரண்டு இலக்கண நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தமிழ் வணிகர் கீழைக் கடல் முழுதும் சென்று வந்தனர். சுமத்திராத் தீவின் பாருஸ் பகுதியில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. வாழ்க்கை விரிந்தபோது இலக்கணமும் தன் வாசலை அகலப்படுத்தியது. அதே வேளையில் வாசலை எடுத்துவிடவும் இல்லை.

ஒரே கப்பலில் வந்த சொற்கள்

போர்த்துகீசியர் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களுடைய சொற்கள் தமிழிலும் மலாயிலும் ஏறின. ஜன்னல், மேசை, அலமாரி, அன்னாசி, ஏலம் என்று நாம் சொல்கிறோம். மலாய் மக்கள் ஜென்டேலா, மேஜா, அல்மாரி, நானாஸ், லெலோங் என்கின்றனர். இந்த ஐந்து இணைகளும் போர்த்துகீசிய மூலச் சொற்கள் ஐந்தின் பிள்ளைகள். நம் மாணவர் தமிழ் வகுப்பில் ஒன்றையும் மலாய் வகுப்பில் மற்றொன்றையும் படிக்கின்றனர். இரண்டும் உடன்பிறப்புகள் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா?

டச்சுக்காரரின் சிறு நாணயத்தின் பெயர் தமிழில் துட்டு ஆயிற்று. மலாயில் பணம் என்னும் பொருளில் டூயிட் ஆயிற்று. அரபு மூலத்தின் அசல், பாக்கி, வக்கீல் ஆகிய சொற்களுக்கும் மலாயில் இணைச் சொற்கள் உண்டு. ஆனால் பொருளில் ஒவ்வொரு மொழியும் தன் வழியே சென்றது. தமிழில் வக்கீல் நீதிமன்றத்தில் வாதாடுபவர். மலாயில் அச்சொல் எந்தப் பணிக்கும் உரிய பிரதிநிதியைக் குறிக்கும். வந்த சொல் ஒன்றே. அதற்கு வேலை கொடுத்தவர்கள் வேறு.

ஏலம் என்னும் சொல்லைச் சற்று நோக்குங்கள். போர்த்துகீசிய மூலத்தில் அது லகரத்தில் தொடங்கும் சொல். லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது என்பது பழைய மரபு. இராமன், உலோகம் ஆகியவற்றின் முன்னே உயிரெழுத்தைச் சேர்த்ததும் அந்த மரபுதான். இங்கோ அந்த லகரமே உதிர்ந்துவிட்டது. இச்சொல்லைக் கொண்டுவந்தவர் துறைமுகத்தில் பண்டம் விற்ற எளிய மக்களாகவே இருந்திருப்பர். எழுத்தறியாத வாயும் இலக்கணம் காக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

தன் சொல்லால் பெயரிடுவதற்கு மிளகாய் சிறந்த சான்று. அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய அந்தக் காய் போர்த்துகீசியர் காலத்தில்தான் ஆசியாவுக்கு வந்தது. தமிழர் அதன் அயற்பெயரை வாங்கவில்லை. உறைப்பில் மிளகை ஒத்திருந்ததால் மிளகையும் காயையும் சேர்த்து மிளகாய் என்றனர். இன்று அதனை அயற்பொருள் என்று நினைப்பவர் எவரும் இலர்.

மலாய் நம் சொற்களை ஏற்ற முறை

இனிக் கண்ணாடியை மறுபுறம் திருப்புவோம். இந்த நாட்டின் சமுதாயம் நம் சொற்களை எவ்வாறு ஏற்றது? கப்பல், கடை, கட்டில், பெட்டி, திரை, சுருட்டு, மாம்பழம், முருங்கை ஆகியவை கப்பால், கெடை, காத்தில், பெத்தி, தீராய், செரூத்து, மெம்பெலாம், மெருங்கை என மலாயில் வாழ்கின்றன. கடலில் போகும் கலமும் தெருவில் உள்ள கடையும் படுக்கும் கட்டிலும் தமிழ்ப்பெயர் தாங்குவதால் மலாய் மொழி தன் மலாய்த்தன்மையை இழந்துவிடவில்லை.

இச்சொற்கள் நமக்கு மற்றோர் உண்மையையும் சொல்கின்றன. முதல் என்னும் தமிழ்ச்சொல் வணிக மூலதனம் என்னும் பொருளில் மலாயில் ‘மொடால்’ என வழங்குகிறது. எழுத்துத் தமிழில் உள்ள உகரம் அங்கே ஒகரம் ஆயிற்று, தகரம் அதிர்வொலியாயிற்று. நம் பேச்சுத் தமிழில் ‘மொதல்’ என்று சொல்கிறோம் அல்லவா? மலாய் மக்கள் ஏட்டைப் பார்த்து இச்சொல்லைக் கற்கவில்லை. கடைத்தெருவில் தமிழ் வணிகன் பேசியதைக் கேட்டுக் கற்றனர். வகை என்பது ‘பாகாய்’ ஆனதிலும் ககரம் நாம் ஒலிக்கும் முறையிலேயே பதிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ‘மெம்பெலாய்’ மலாயில் மணமகனுக்கு மட்டுமன்றி மணமகளுக்கும் உரியதாயிற்று. கேட்ட காதுக்கு ஏற்ப ஒலி. வாழ்ந்த வாழ்வுக்கு ஏற்பப் பொருள். தொல்காப்பியர் வகுத்த நெறியை அந்நூலைப் படியாத மலாய் மொழியும் பின்பற்றியிருப்பதைக் காண்கிறோம். உயிருள்ள மொழிகளின் பொது இயல்பு அது.

அயலார்க்கு இடப்பட்ட பெயர்கள்

சொல்லை ஏற்பதும் ஆளை மதிப்பதும் எப்போதும் சேர்ந்தே நிகழ்வதில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. கூலி என்னும் தமிழ்ச்சொல் செய்த வேலைக்குத் தரும் ஊதியத்தைக் குறிப்பது. குடியேற்ற ஆட்சிக் காலத்து வழக்கில் அது ஊதியம் பெறும் மனிதனையே குறிக்கலாயிற்று. ஆளைப் பாராமல் அவன் வாங்கும் காசைப் பார்த்த ஒரு காலத்தின் பார்வை அந்தப் பொருள் மாற்றத்தில் உறைந்திருக்கிறது.

கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து வந்த கெலிங் என்னும் சொல் பழைய மலாய் இலக்கியங்களில் ஒரு நாட்டையும் அதன் மக்களையும் குறித்தது. இந்நகரில் 1801ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது ஒரு தலைவரின் பதவிப் பெயராக இருக்கிறது. இன்று அதே சொல் நம் மக்களைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. நாமும் குற்றமற்றவர் அல்லோம். ஐரோப்பியரைப் பறங்கி என்றோம். துருக்கியரைக் குறித்த பெயரைத் திரித்து இஸ்லாமியர் அனைவர்க்கும் இட்டோம். அகராதி படிக்கும் மாணவன் சொல்லின் பிறப்போடு அது இன்று எவர் மனத்தில் எவ்வாறு தைக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். அச்சொல் யாரைக் குறிக்கிறதோ அவருடைய செவிக்கும் அதன் பொருளில் பங்கு உண்டு.

வினை என்னும் நிலைப்படி

மீண்டும் நம் பிள்ளைகளின் பேச்சுக்கு வருவோம். ‘பசாருக்குப் போய் மீ வாங்கித் தப்பாவ் பண்ணிக்கொண்டு வா’ என்று ஒரு தாய் மகனிடம் சொல்கிறாள் என்று கொள்வோம். பசார் மலாய்ச் சொல். மீயும் தப்பாவும் சீன வழக்கிலிருந்து வந்தவை. இது தமிழா என்று நீங்கள் கேட்கலாம்.

மொழியியல் நோக்கில் இது தமிழ்த் தொடரே. பசாருக்கு என்பதில் நான்காம் வேற்றுமை உருபு இருக்கிறது. போய், வாங்கி, பண்ணிக்கொண்டு என வினையெச்சங்கள் தமிழ் முறைப்படி அடுக்கி நிற்கின்றன. முற்றுவினை இறுதியில் வருகிறது. மிக முக்கியமானது, தப்பாவ் என்பது தனியே நின்று தமிழ் வினையாகவில்லை என்பதே. பண்ணு என்னும் தமிழ் வினை துணைக்கு வந்த பின்னரே அதற்குக் காலமும் இடமும் எண்ணும் காட்டும் ஆற்றல் கிடைக்கிறது. தமிழில் பேச்சு வழக்கில் புகும் பெரும்பாலான அயல் வினைகளுக்கு இந்த நிலைதான். பெயர்கள் எளிதில் உள்ளே வரும். வினைகள் நிலைப்படியில் நின்று துணையோடுதான் நுழையும்.

ஆகவே ஒரு குழந்தை பத்துச் சொற்களைக் கலந்து பேசுவதனால் மட்டும் அதன் தமிழ் இறந்துவிட்டது என்று தீர்ப்பெழுதுவது பிழை. அவ்வாறு பேசுவதே போதும் என்று விட்டுவிடுவதும் பிழை. எந்த நிலையில் கலப்பு இழப்பாகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

தூய்மை முயற்சி தந்ததும் தாராததும்

1916ஆம் ஆண்டு மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் பிறமொழி அறியாதவர் அல்லர். ஆங்கிலமும் வடமொழியும் கற்றவர். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். அயல்மொழியை நன்கறிந்த ஒருவரே தம் மொழியின் ஆற்றலை மீட்க முனைந்தார் என்பது கருதத்தக்கது.

அவ்வியக்கத்தின் பயனை நாம் நாள்தோறும் நுகர்கிறோம். இன்றைய நிகழ்ச்சியின் அழைப்பிதழை அக்காலத்தில் அச்சிட்டிருந்தால் அதில் அக்கிராசனர், காரியதரிசி, உபந்நியாசம் என்னும் சொற்கள் இருந்திருக்கும். இன்று தலைவர், செயலாளர், சொற்பொழிவு என்கிறோம். அவற்றை முயன்று சொல்வதில்லை, இயல்பாகச் சொல்கிறோம். தமிழால் இதையும் சொல்ல இயலும் என்னும் துணிவை அந்த இயக்கம் தந்தது. அது பெருங்கொடை.

ஆனால் சாவிக்குத் திறவுகோல் என்றும் ஜன்னலுக்குச் சாளரம் என்றும் நல்ல சொற்கள் இருந்தும் பேச்சில் சாவியும் ஜன்னலும் நிலைத்தன. அவற்றால் தமிழுக்குக் கேடு எதுவும் நேரவில்லை. ஜப்பானியரும் இதையே காட்டுகின்றனர். 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் மேலை அறிவியலுக்கும் சட்டத்துக்கும் வேண்டிய கலைச்சொற்களைச் சீன எழுத்துகளைக் கொண்டு ஏராளமாகப் படைத்தனர். பிற்காலத்தில் ஆங்கிலச் சொற்களை ஒலிவடிவில் தாராளமாக ஏற்றனர். இரண்டு வழிகளிலும் ஒன்று மாறவில்லை. அவர்கள் அறிவியலையும் சட்டத்தையும் தம் மொழியிலேயே கற்றனர், எழுதினர், வாதிட்டனர்.

உள்வீடு

உண்மையான இழப்பு எவ்வாறு நேர்கிறது என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். அவர்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்து இல்லறம் நடத்தினர். இன்றும் இந்து சமயத்தைப் போற்றுகின்றனர், பொங்கல் கொண்டாடுகின்றனர். 1781ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடைய பாரம்பரியத்தின் அடையாளம். ஆயினும் அவர்களின் தாய்மொழி மலாய். அதனை இழிவாகப் பேசுவது அறமன்று. அயல் மண்ணில் வேரூன்றிய ஒரு சமுதாயம் தனக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டது. மொழி மாற்றம் எவ்வழியில் நிகழ்ந்தது என்பதை மட்டும் நாம் கற்க வேண்டும். மலாய்ச் சொற்கள் தமிழுக்குள் மிகுதியாகப் புகுந்ததால் அங்கே தமிழ் மறையவில்லை. அடுப்பங்கரையிலும் தொட்டிலருகிலும் சந்தையிலும் தமிழுக்கு வேலை இல்லாமற் போயிற்று, அதனால் மறைந்தது. கோயில் இருந்தது; கோயில் ஒன்றே ஒரு மொழியை முழுமையாகத் தாங்கிவிட முடியவில்லை.

இதற்கு எதிர்நிலையையும் மலாக்காவே காட்டுகிறது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லா அரபு, தமிழ் மரபுவழி வந்தவர். அவருடைய முன்னோர் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணம் புரிந்தவர். 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில் இளமையில் தமிழ் கற்றதை அவர் குறிப்பிடுகிறார். மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்காகவும் வணிகப் பேச்சுக்காகவும் தமிழ் கற்பது அக்கால வழக்கம் என்று அவர் கூறுவது நாம் ஊன்றிக் கருதவேண்டிய செய்தி. அந்நாளில் தமிழ் பிறர் விரும்பிக் கற்ற மொழியாக இருந்ததற்கு அதன் தொன்மை காரணமன்று. கணக்கு என்னும் துறை அதன் கையில் இருந்ததே காரணம். அந்தத் துறை கைமாறியபோது பிறர் தமிழ் கற்பதும் நின்றது.

மலாய் மொழியின் இன்றைய நிலையும் இதனை உறுதிப்படுத்துகிறது. வடமொழி, அரபு, போர்த்துகீசியம், டச்சு, தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழிச் சொற்களை ஏற்ற மொழி அது. 1956இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா நிறுவப்பட்டது. 1970இல் மலாய் மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தேசியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கலைச்சொல்லில் தாராளமும் துறைகளில் உறுதியும் அவர்கள் கொண்ட கொள்கை. கடன்பட்ட சொற்களின் எண்ணிக்கை அவர்களை ஏழையாக்கவில்லை.

நம் பள்ளிகள்

இந்தத் தீவின் பினாங்கு பிரீ ஸ்கூலில் 1816ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கிட்டு 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழகத்துக்கு வெளியே இத்தகைய வாய்ப்பு மிகச் சில இடங்களிலேயே உண்டு.

2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர்ப் படிப்படியாகச் செயற்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமாயிற்று. ஆங்கிலம் வேண்டும் என்னும் பெற்றோரின் விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளைகளின் எதிர்காலம் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் செம்மையாகக் கற்பிக்க வேண்டும் என்பதே என் நிலை. பின்னம், வகுத்தல், ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை ஆகிய சொற்கள் அருமையானவை. அவை வகுப்பறையில் வழங்கும்வரை உயிருடன் இருக்கும். ஒரு பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டு, ‘ஆதலால்’ என்று முடிக்கும் பாடங்கள் கணிதமும் அறிவியலும். அவ்விரண்டும் வெளியேறினால் தமிழுக்கு எஞ்சுவது கதையும் வாழ்த்துப்பாவும் மட்டுமே. காரணம் காட்டிச் சிந்திக்கும் அறை பூட்டப்பட்டுவிடும்.

துறைகள் பள்ளிக்கு வெளியிலும் சுருங்குகின்றன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றது. ஒரு நாளிதழ் மறையும்போது நாட்டு நடப்பையும் பொருளியலையும் நாள்தோறும் தமிழில் எழுதிப் பார்க்கும் ஒரு பயிற்சிக்களமும் மறைகிறது. அந்த நாள் நாம் கவலையுற வேண்டிய நாள். பிள்ளை பசார் என்று சொன்ன நாள் அதற்கு ஈடாகாது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

ஆசிரியப் பெருமக்களே, மாணவன் அயற்சொல்லைச் சொன்னவுடன் சிவப்பு மையால் அடிப்பதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கை எவ்வாறு செய்தாய் என்பதை அவனால் தமிழில் படிப்படியாக விளக்க முடிகிறதா? தன் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை என்று தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத முடிகிறதா? தோழன் சொன்ன கருத்தை மறுத்து இரண்டு காரணங்களைத் தமிழில் கூற முடிகிறதா? மூன்றும் முடியுமாயின், அவன் பேச்சில் கலக்கும் பத்துச் சொற்களைப் பற்றி அஞ்ச வேண்டா. எழுத்துக்கு உரிய நடையைக் கற்பித்தால் போதும். மூன்றும் முடியாதாயின், அவன் ஓர் அயற்சொல்லும் கலவாமல் பேசினாலும் அஞ்ச வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளைப் படிக்கிறீர்கள்; சிலர் சீனமும் அறிவீர்கள். ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். உங்கள் வீட்டில் உள்ள இருபது பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். எது எங்கிருந்து வந்தது, எது எங்கே சென்றது என்று அகராதி பார்த்துக் குறியுங்கள். கட்டில் இங்கிருந்து அங்குச் சென்றதையும், மேசையும் மேஜாவும் மூன்றாம் வீட்டிலிருந்து வந்ததையும், மிளகாய் என்னும் பெயர் நாமே ஆக்கியது என்பதையும் காண்பீர்கள். அந்தப் பட்டியலை அடுத்த மேசையில் இருக்கும் மலாய்த் தோழனுக்கும் காட்டுங்கள். பிறகு அதைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். பட்டியலைவிட அந்த ஒரு பக்கமே முக்கியம்.

இந்நகரில் பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் சீனக் கோயிலும் தேவாலயமும் ஒரு கூப்பிடு தொலைவுக்குள் நிற்கின்றன. தைப்பூசத்தில் முருகன் தேர் வரும்போது சீன அன்பர்களும் தெருவில் தேங்காய் குவித்து உடைக்கின்றனர். அவர்கள் அதனால் சீனர் அல்லாமற் போய்விடவில்லை. முருகனும் தமிழ்க் கடவுள் அல்லாமற் போய்விடவில்லை. தத்தம் வீட்டில் வாழ்பவர்கள் அடுத்த வீட்டாருடைய விழாவில் அச்சமின்றிக் கலந்துகொள்கின்றனர். தமிழுக்கும் அத்தகைய வீடு வேண்டும். கணக்கும் அறிவியலும் செய்தியும் விண்ணப்பமும் தமிழில் நடக்கும்வரை அந்த வீட்டில் விளக்கு எரியும். அதுவரை எத்திசைச் சொல் வந்தாலும் இருக்கை காட்டி அமரச் செய்யலாம்.